டர்போ காருக்கு சைலன்சர் பைப் மாற்றும்போது: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் தாம்பரம், சேலையூர், வண்டலூர் பக்கம் டர்போ கார் என்றால் பெரும்பாலும் டீசல் வண்டிதான். இப்போது நெக்ஸான், வென்யூ, ஃப்ராங்ஸ், டைகுன், விர்டஸ் என்று சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கும் டர்போ சேர்ந்தே வருகிறது. மறைமலை நகரில் ஃபோர்டு தயாரித்த எக்கோஸ்போர்ட், ஃபிகோ டீசல்களும் இந்தப் பகுதியில் இன்னும் நிறைய ஓடுகின்றன. வாரண்டி முடிந்த இந்த வண்டிகளில் சைலன்சர் பைப் துருப்பிடித்தும், வெடித்தும், ஸ்பீட் பிரேக்கரில் இடித்தும் போக ஆரம்பித்திருக்கிறது. கம்பெனி சாமானே வாங்குவதா, வெல்டிங் பட்டறையில் செய்துகொள்வதா, புதுப்பேட்டையில் பழசு தேடுவதா என்ற கேள்வியோடுதான் ஆட்கள் வருகிறார்கள்.

என் பதில் இதுதான்: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வரைக்கும் கம்பெனி சாமான், அதற்குப் பின்னால் நல்ல வெல்டர் ஒருவர் போதும். கீழே உள்ளவை எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வருபவைதான்.

ஏன் அங்கே எல்லை போடுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜினில் எரிந்த வாயு வெளியே வந்ததும் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெட்ரோல் வண்டியை முழு வேகத்தில் விரட்டும்போது அந்த இடத்தில் வெப்பம் 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். டர்போவின் வாயில் மாட்டியிருப்பது டவுன்பைப். இன்றைய வண்டிகள் பலவற்றில் கன்வெர்ட்டர் அதிலேயே சேர்ந்திருக்கும். அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள். பெட்ரோல் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யூ. முடிவு செய்வது முன் சென்சாரை வைத்து. கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது பின் சென்சாரை வைத்து. ஆகவே இந்த ஒன்றரை அடி நீளமும் இன்ஜினின் ஒரு பாகம். அதற்குப் பிறகு வரும் ஃப்ளெக்ஸ் பைப், நடு பைப், ரெசனேட்டர், மஃப்ளர், டெயில் பைப் எல்லாம் வாயுவைப் பின்னால் கொண்டுபோய்ச் சத்தத்தை அடக்கி வெளியே விடும் வேலையை மட்டும் செய்கின்றன. அவற்றில் கைவேலைக்கு இடம் உண்டு.

காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

• எந்தத் துண்டு போயிருக்கிறது என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். "சைலன்சர் போச்சு" என்று சொல்லி முழு செட்டுக்கும் விலை கேட்காதீர்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஈரத் துணியை மடித்து டெயில் பைப் வாயில் சில விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். எங்கே ஓட்டையோ அங்கே 'புஸ்' என்று கேட்கும். சந்தேகமான ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி வரும். பானெட் பக்கம் 'டிக் டிக்' என்று கேட்டு, வண்டி சூடானதும் அது அடங்கிவிட்டால் மேனிஃபோல்டிலோ டர்போ ஜாயின்ட்டிலோ விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி மூடிக்கொள்வதால்தான் சத்தம் நிற்கிறது. டர்போவுக்கு முன்னால் கசிந்தால் இழுவை குறையும். முன் சென்சாருக்குப் பக்கத்தில் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய், "பெட்ரோல் போதவில்லை" என்று சென்சார் தப்பாகச் சொல்லும், இ.சி.யூ. கூடுதலாக ஊற்றும், மைலேஜ் விழும். பின்னால் மஃப்ளரில் ஓட்டை என்றால் சத்தம் மட்டும்தான்.

• ஃப்ளெக்ஸ் பைப் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். இந்தப் பகுதியில் நான் பார்த்தவரை முதலில் கிழிவது அதுதான். இன்ஜின் மவுன்ட் தளர்ந்த வண்டியில் கியர் போடும்போதெல்லாம் இன்ஜின் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் முழுவதையும் பின்னல் கம்பி போர்த்திய அந்தச் சின்னத் துண்டுதான் தாங்குகிறது. மவுன்டைப் பார்க்காமல் ஃப்ளெக்ஸை மட்டும் மாற்றினால் புதுசும் சீக்கிரமே கிழியும்.

• பழைய பைப் ஏன் செத்தது என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் டவுன்பைப் வாங்குகிறவர்கள்தான் திரும்பவும் வாங்குகிறார்கள். கன்வெர்ட்டர் தானாக அடைத்துக்கொள்வது அபூர்வம். ஒரு ஸ்பார்க் பிளக்கோ காயிலோ பழுதாகி மிஸ் அடித்துக்கொண்டிருந்தால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி வழி அடைத்துவிடும். டர்போவின் ஆயில் சீல் தேய்ந்திருந்தால் ஆயில் சொட்டுச் சொட்டாகப் பின்னால் போய் அதே பீங்கானில் படியும். டவுன்பைப்பைக் கழற்றிய உடனே டர்போவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த சாம்பல் நிறமோ பழுப்போ இருந்தால் நல்லது. கறுப்பாக ஈரமாக ஆயில் மினுமினுத்தால் முதலில் செலவழிக்க வேண்டியது டர்போவுக்கு. சக்கரத்தின் தண்டை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள்: பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம், முன்னும் பின்னும் அசைவு தெரியக்கூடாது. ஆயில் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போட்ட வண்டிகளில்தான் இந்த அசைவை அதிகம் பார்க்கிறேன். பையனூரில் டர்போ எனர்ஜி மாதிரி டர்போ தயாரிக்கும் தொழிற்சாலையே இருக்கிற பகுதி நம்முடையது. டர்போ வேலை தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார் என்று சாக்குச் சொல்ல முடியாது.

• அடைப்பு என்று யாராவது சொன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜினை 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்தால் தெரிந்துவிடும். நல்ல கன்வெர்ட்டரில் முள் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ.க்குள் இருக்கும். மூன்றைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அடைப்புதான். கால் மணி நேர வேலை, பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

• பி.எஸ்.6 டீசல் வைத்திருப்பவர்கள் டி.பி.எஃப். (கரி ஃபில்டர்) விளக்கு எரிந்தால் உடனே பைப் மாற்றக் கிளம்ப வேண்டாம். அந்த ஃபில்டர் தன்னில் சேர்ந்த கரியை 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை முதல் கியர், இரண்டாவது கியர் என்று ஊர்ந்துகொண்டிருந்தால் அந்தச் சூடே வராது. வண்டலூரில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி, நின்று நின்று போகாமல் 60 கி.மீ.க்கு மேல் 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும்.

• சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் வாங்குங்கள். ஒரே மாடல், ஒரே வருடம் என்று பார்த்தால் போதாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோதும், 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் வந்தபோதும் பார்வைக்கு மாறாத வண்டிகளில்கூட அடியில் கன்வெர்ட்டரும் சென்சாரும் மாறியிருக்கின்றன. பி.எஸ்.4 வண்டியின் டவுன்பைப் பி.எஸ்.6 வண்டியில் அச்சாக உட்காரலாம். உட்கார்ந்துவிட்டது என்பதாலேயே அது உங்கள் வண்டிக்கானது ஆகிவிடாது.

• புதுப்பேட்டையில் பழசு எடுப்பதென்றால் மூன்றைப் பாருங்கள்: பார்ட் நம்பர், பீங்கான், ஃபிளாஞ்ச். கன்வெர்ட்டரின் ஒரு வாயில் டார்ச் அடித்து மறு வாயில் கண் வைத்தால் சீரான சின்னச் சின்னக் கட்டங்கள் வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். குலுக்கினால் உள்ளே எதுவும் உருளக்கூடாது. ஃபிளாஞ்ச் முகத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்தால் இடைவெளி தெரியக்கூடாது. ஃபோர்டு போல உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கு இந்த வழி நியாயமானது. மற்ற வண்டிகளுக்குப் பழைய கன்வெர்ட்டரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கன்வெர்ட்டரில் கை வைப்பது பற்றி

• கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர் பைப் போடாதீர்கள். "சார், அதை எடுத்துட்டா வண்டி பறக்கும் சார்" என்று சொல்லாத பட்டறை குறைவு. டர்போவுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்தால் டர்போ சீக்கிரம் சுழலும் என்பது உண்மைதான். பந்தய வண்டிகளில் அதற்காகவே பைப்பை அகலமாக்குகிறார்கள். ஆனால் உங்கள் வண்டியில் எவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்று முடிவு செய்வது இ.சி.யூ. வாயு சுலபமாகப் போக ஆரம்பித்தால் அது, வாயுவை டர்போ சக்கரத்தைத் தொடாமல் ஒதுக்கிவிடும் வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து, பழைய அளவுக்கே பூஸ்டைக் கொண்டுவந்து நிறுத்தும். கணக்குக்கு மேல் பூஸ்ட் ஏறிவிட்டால் வண்டி லிம்ப் மோடுக்குப் போய் இழுக்கவே இழுக்காது. உங்களுக்கு மிஞ்சுவது சத்தம், பெட்ரோல் வாடை, பி-0420 என்ற பழுதுக் குறியீட்டோடு நிரந்தரமாக எரியும் இன்ஜின் விளக்கு.

நான் இதை எதிர்ப்பதற்கு விளக்கும் குறியீடும் மட்டும் காரணமில்லை. சூடான, நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் மாற்றிவிடுகிறது. அதை எடுத்த வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் அத்தனையையும் பக்கத்து பைக்கில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பவர் முகத்தில் விடுகிறது. தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை 1928-லிருந்து இருக்கிறது. மூச்சுக்குத் திணறுகிறவர்கள் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வந்து இறங்கும் ஊர் இது. இந்த ஊர்த் தெருவில் கன்வெர்ட்டர் இல்லாத வண்டி ஓட்டுவதை எந்த நியாயத்தாலும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

• பின் சென்சாரை ஏமாற்ற விற்கும் 'ஸ்பேசர்' நட்டை வாங்காதீர்கள். நாளைக்கு உண்மையாகவே கன்வெர்ட்டர் உருகினாலும் விளக்கு எரியாது. உங்களுக்குத் தெரியவே தெரியாது.

• கழற்றிய கன்வெர்ட்டரைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கின்றன. பழைய இரும்பு விலைக்கு அதைக் கேட்பவர் அந்த விலைக்கு விற்கப் போவதில்லை. வேலையை ஆரம்பிக்கும் முன்பே, "கழற்றிய சாமான் எனக்கு வேணும் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். வேறு வேலைக்கு வண்டியை விட்டுவிட்டு எடுத்த பிறகு சத்தம் மாறியிருந்தாலோ, கன்வெர்ட்டர் டப்பாவில் புது வெல்டிங் கோடு தெரிந்தாலோ கேள்வி கேளுங்கள். உள்ளே இருப்பதைத் தோண்டி எடுத்து வெறும் டப்பாவைத் திரும்ப ஒட்டி அனுப்பிய வண்டிகள் என் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கின்றன.

வெல்டிங் பட்டறைக்குப் போகும்போது

கன்வெர்ட்டரைத் தாண்டியபின் வேலை உள்ளூரிலேயே நன்றாக நடக்கும். கேம்ப் ரோடு, முடிச்சூர் ரோடு, மேடவாக்கம் பக்கமெல்லாம் கை சுத்தமான வெல்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

• உலோகத்தின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கம்பெனி பைப்புகளில் பெரும்பாலும் 409 ரக ஸ்டெயின்லெஸ். அதில் குரோமியம் 11 சதவீத அளவில் இருக்கும், மேலே பழுப்பேறினாலும் வருடக்கணக்கில் உழைக்கும். பட்டறையில் செய்வதற்கு நல்லது 304: குரோமியம் 18, நிக்கல் 8. இதில்தான் பெரிய ஏமாற்று நடக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 201 ரகத்தை 304 என்று விற்கிறார்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 201-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. ஆகவே அந்தச் சோதனையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஸ்டெயின்லெஸ் வியாபாரிகளிடம் ரகம் பார்க்கும் சொட்டு மருந்து உண்டு. பைப்பின் வெட்டிய முனையில் ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். அதைக் கேளுங்கள். வெறும் இரும்புப் பைப்பில் வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுப்பதை வேண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி இந்தப் பைப் வழியாகத்தான் போகிறது. சேலையூரிலிருந்து ஸ்டேஷன் வரை போய்த் திரும்பும் வண்டியில் பைப் முழுதும் சூடேறாமல் அந்தத் தண்ணீர் மஃப்ளரிலேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே கடல்காற்றின் உப்பு வேறு.

• வளைவைக் கையால் தடவிப் பாருங்கள். மாண்ட்ரல் வைத்து வளைத்த பைப் வளைவிலும் உருண்டையாகவே இருக்கும். சாதாரண அச்சில் வளைத்தால் உட்பக்கம் நசுங்கிச் சுருக்கம் விழும். இரண்டரை இன்ச் பைப்புக்குக் காசு கொடுத்து இரண்டு இன்ச் வழியை வாங்கியதாகிவிடும்.

• அகலத்தைக் கம்பெனி அளவிலேயே வையுங்கள். மிஞ்சினால் ஒரு படி மேலே. பைப்பின் வழி விட்டத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. இரண்டரை இன்ச்சிலிருந்து மூன்றுக்குப் போனால் பரப்பு 44 சதவீதம் கூடும். 110, 115 குதிரைத்திறன் தரும் ஒரு லிட்டர் இன்ஜினுக்கு அவ்வளவு இடம் எதற்கு? 200 குதிரைத்திறன் வரைக்கும் இரண்டேகால் இன்ச் தாராளம். மூன்று இன்ச் போட்டால் சத்தத்தை அடக்குவது கஷ்டம், அடியில் இடமும் போதாது, தெருவுக்கு இரண்டாய் நிற்கும் ஸ்பீட் பிரேக்கர்களில் முதலில் இடிப்பதும் அதுதான். "பின்னழுத்தம் கொஞ்சம் இருந்தாத்தான் இழுவை வரும்" என்று எதிர்ப்பக்கம் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. டர்போ வண்டிக்கு அதுவும் சரியில்லை. டர்போவுக்குப் பின்னால் பின்னழுத்தத்தால் எந்த லாபமும் கிடையாது. கம்பெனி கணக்குப் போட்டு வைத்த அளவு இரண்டு பேச்சுக்கும் பதில்.

• ஆர்கான் வெல்டிங் கேளுங்கள், அதையும் நின்று பாருங்கள். நல்ல வெல்டர் பைப்பைக் கீழே மேசையில் வைத்து ஒட்டிக்கொண்டுவந்து மாட்டமாட்டார். வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஒவ்வொரு துண்டையும் அதன் இடத்தில் பிடித்து மூன்று நான்கு புள்ளி மட்டும் வைத்து, ஹேங்கரில் தொங்கவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒருமுறை உறுமவிட்டு எங்கே எதில் உரசுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கழற்றுவார். பிறகு பைப்பின் ஒரு முனையை அலுமினியத் தாளால் மூடி, இன்னொரு ஆர்கான் குழாயை உள்ளே விட்டு, உட்பக்கக் காற்றை வெளியேற்றிவிட்டு முழுச் சுற்றும் ஒட்டுவார். இப்படிச் செய்தால் ஜாயின்ட்டின் மேலே வைக்கோல் நிறமும் இளநீலமும் வரும், உள்ளே வழவழப்பாக இருக்கும். ஆர்கான் உள்ளே விடாமல் ஒட்டினால் உட்பக்கம் கறுப்பாகச் சர்க்கரை உறைந்ததுபோல் பொரிந்து நிற்கும். விரிசல் அங்கேதான் தொடங்கும். 304-க்கு 308எல் கம்பி. 304-ஐ வெறும் இரும்போடு சேர்க்க 309எல் கம்பி. எந்தக் கம்பி போடுகிறார் என்று கேட்டதும் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள்.

• ஃப்ளெக்ஸ் பைப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேர் பைப் ஒட்ட விடாதீர்கள். ஆட்டமெல்லாம் டர்போவின் ஃபிளாஞ்சுக்குப் போய் ஸ்டட் முறியும், வார்ப்பு விரியும்.

• ரெசனேட்டரை மிச்சம் பிடிக்காதீர்கள். அதை விட்டுவிட்டால் நகருக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. திண்டிவனம் ரோட்டில் 90, 100 கி.மீ.யில் ஒரே சீராகப் போகும்போது 2,400 ஆர்.பி.எம். பக்கத்தில் காருக்குள் ஒரு 'உம்ம்ம்' நிற்கும். மூன்று சிலிண்டர் வண்டியில் அது 60 ஹெர்ட்ஸ், நான்கு சிலிண்டரில் 80. காது கேட்பதைவிட மார்பில் உணரும் சத்தம். வீட்டுப் பெரியவர்கள் பின் சீட்டில் தலைவலி என்பார்கள்.

• மஃப்ளரின் அடியில் இருக்கும் பொடி ஓட்டையை அடைக்காதீர்கள். இரண்டு மூன்று மி.மீ. அளவில் கம்பெனியே போட்டது அது, உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்காக. லீக் என்று நினைத்து வெல்டிங் வைத்துவிடுகிறார்கள்.

• சிலிகான் சீலன்ட் எந்த ஜாயின்ட்டிலும் வேண்டாம். அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். ஃபிளாஞ்சுக்குப் புதுப் பேக்கிங், டர்போ ஸ்டட்டுக்குப் புது நட்டு. பழசைத் தட்டிச் சரிசெய்து போட வேண்டாம்.

• வெப்பத் தகடுகளை ஒன்றுவிடாமல் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். சத்தம் போடுகிறது என்று பிய்த்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. ஸ்டீயரிங் ரப்பர் பூட், ஆக்சில் பூட், ஏ.சி. குழாய் எல்லாம் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. தகட்டுக்குப் பதிலாக பைப்பில் துணிநாடா சுற்றுவதும் நம் ஊருக்கு ஆகாது; மழையில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்து அரிக்கும், ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும்.

வெள்ளம் போன பிறகு

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கார்கள் கதவு மட்டத்துக்கு மூழ்கின. அடுத்த மழைக்கும் அந்தத் தெருக்களில் தண்ணீர் நிற்கும்.

• ஓடிச் சூடான வண்டியைத் தேங்கிய தண்ணீரில் இறக்காதீர்கள். சிவக்கச் சூடான கன்வெர்ட்டரில் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் உள்ளே பீங்கான் வெடிக்கும். அன்றைக்குத் தெரியாது, சில வாரம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது டப்பாவுக்குள் கூழாங்கல் உருள்வது மாதிரி கேட்கும்.

• மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் மஃப்ளரில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். பின் ஜாயின்ட்டைக் கழற்றிச் சாய்த்தாலே கொட்டிவிடும். சென்சாரின் பிளக்கைக் கழற்றிக் காயவிடுங்கள். பைப்பில் தண்ணீர் தேங்கும் என்பதால்தான் புது பைப்பில் சென்சார் நட்டை எப்போதும் பைப்பின் மேல் பாதியில் ஒட்ட வேண்டும். அடிப்பக்கம் வைத்தால் தேங்கும் நீர் பட்டு உள்ளிருக்கும் பீங்கான் வெடிக்கும்.

சட்டம் கேட்பது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத பாகம் மாட்டும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சத்தம், புகை விதியை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். அதே அளவு, அதே அமைப்பில் புது பைப் போடுவது பழுதுபார்ப்பு. அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

• டெயில் பைப்பை இடது பக்கம் திருப்பாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 112-வது விதிப்படி புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ போகக்கூடாது. பின்னாலோ வலப்பக்கமோதான் போக வேண்டும். இடப்பக்கம் நடைபாதையும் பஸ் ஸ்டாப்பும் இருக்கின்றன.

• பெட்ரோல் லைனிலிருந்து 35 மி.மீ.க்கு நெருங்க விடாதீர்கள். இது 113-வது விதி. பட்டறைக்காரர் பைப்பை இரண்டு விரல் நகர்த்தி ஒட்டும்போது இதை யாரும் அளப்பதில்லை. டேப் கேட்டு நீங்களே அளந்துவிடுங்கள்.

• சத்தம் கம்பெனி அளவிலேயே இருக்கட்டும். புது மாடல் காருக்கு அனுமதி தரும்போது ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து, ஓடும் வண்டியின் சத்தம் 74 டெசிபலுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரகடத்தில் இருக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இந்த மாதிரிச் சோதனைகளுக்கானதுதான். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

• அளவு மாற்றிய எதையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் வைத்த மாற்றம் க்ளெய்ம் நேரத்தில்தான் பேசப்படும்.

மாட்டிய பிறகு

• முதல் நாள் புகையும் வாடையும் வரும். பைப்பில் ஒட்டியிருந்த எண்ணெய் எரிவதுதான். ஜன்னலைத் திறந்து ஓட்டுங்கள். இரண்டாவது நாளும் காருக்குள் புகை வாடை வந்தால் திரும்பக் கொண்டுபோங்கள்; கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, கூட வரும் வாடைதான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

• 100, 200 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். சூடேறி ஆறும்போது பேக்கிங் அமுங்கும், கிளாம்ப் தளரும். ரப்பர் ஹேங்கர்களில் வெடிப்பு விட்டிருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். ஒன்று அறுந்தால் மொத்த எடையும் மற்றவற்றில் விழும்.

• ஸ்கேனர் போட்டுப் பழைய குறியீடுகளை அழித்துவிட்டு, மதுரவாயல் பைபாஸில் ஒருமுறை போய்த் திரும்பிய பிறகு மீண்டும் பாருங்கள். அழித்த உடனே பார்த்தால் எந்த வண்டியும் சுத்தமாகத்தான் தெரியும். பிறகு சூடு ஆறுவதற்குள் புகைச் சோதனைக்குப் போங்கள். பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் காரில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.முக்குள், வேகம் ஏற்றிப் பார்க்கும்போது காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் லாம்ப்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் எண்களைப் படியுங்கள். லாம்ப்டா 1.03-ஐத் தாண்டியிருந்தால் ஏதோ ஒரு ஜாயின்ட்டில் காற்று உள்ளே போகிறது. சென்சாருக்குப் பக்கத்தில் இருக்கும் வெல்டிங்கிலிருந்து தேட ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.